கரைவலையும் ‘பாடு’ என்னும் சொல்லும்

தமிழகக் கடற்கரையின் வரலாற்றை எழுதிய அறிஞர் பலரும் துறைமுகங்களையும் கலங்களையும் முத்தையுமே பெரிதும் பேசியுள்ளனர். புகாரும் கொற்கையும் முசிறியும் அவர்தம் நூல்களில் பல பக்கங்களைப் பெற்றன. அத்துறைகளுக்கு இடைப்பட்ட நெடிய மணற்கரையிலோ, வணிகர் கலம் நில்லாத இடங்களிலே, ஊர் முழுதும் கூடி வலை இழுத்து வாழ்ந்த வாழ்வு ஒன்று இருந்தது. அது பொன்னையும் மிளகையும் கொணர்ந்ததன்று. ஆதலின் வரலாற்றில் அதற்கு இடம் மிகச் சிறிதாயிற்று. அவ்வாழ்வின் நடுநாயகமாக விளங்கிய கரைவலையையும், அதனைச் சூழ்ந்து நின்ற பங்கீட்டு முறையையும், அம்முறையைத் தன்னுள் அடக்கி இன்றும் வழங்கும் ‘பாடு’ என்னும் சொல்லையும் ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கின்றோம். கரைவலை கருவி மட்டுமன்று. யார், எவ்விடத்தில், எம்முறையில் வலை வளைக்கலாம், வந்த மீன் யார்யார்க்கு உரியது என்பவற்றை வரையறுக்கும் ஓர் ஒழுங்குமாகும். அவ்வொழுங்கிற்குத் தெளிவான சான்று சங்கப் பாட்டொன்றிலேயே உளது என்பது நம் கருத்து.

முதற்கண் வலையின் இயல்பை அறிதல் வேண்டும். அதனை அறியாது பாட்டை நோக்கின் பாட்டின் சொற்கள் வெற்று அணியாகவே தோன்றும்.

ஈழத்திலும் பாக்கு நீரிணைக் கரையிலும் இது கரைவலை எனப்படும். சோழமண்டலக் கரையிற் பெரிய வலை என்பர். குமரி மாவட்டத்திலும் மேலைக் கரையிலும் கரமடி, கம்பவலை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. மலையாளத்திற் கம்பம் என்பது வடத்தையும் குறிக்கும். இரு பக்கத்தார் வடம் பற்றி இழுக்கும் விளையாட்டை அங்குக் கம்பவலி என்பர். சிங்களத்தில் மாதெல் என்பது இதன் பெயர்; பெரிய வலை என்பதே அதற்கும் பொருள். இப்பெயர்களுள் ஒன்று நிற்கும் இடத்தையும், ஒன்று அளவையும், ஒன்று மீன் திரளும் பையாகிய மடியையும், ஒன்று இழுக்கும் வடத்தையும் முதன்மையாகக் கொண்டமை நோக்கத்தக்கது. பொருள் ஒன்றேயாயினும் ஒவ்வொரு கரையினரும் அதன் ஒவ்வோர் உறுப்பைக் கண்டு பெயரிட்டனர்.

வலையின் நடுவே மடி அமையும். மடியின் இருபுறத்தும் சிறகுபோல் நீண்ட வலைப்பகுதிகள் உள. வடத்தை அடுத்த பகுதியிற் கண்கள் அகன்றும், மடியை நெருங்க நெருங்கக் குறுகியும் இருக்கும். அகன்ற கண்ணின் வழியே மீன் தப்பாதோ என வினவலாம். அசையும் வடத்தையும் வலையையும் கண்டு அஞ்சும் மீன்திரள் அவற்றை விட்டு விலகி நடுவிடம் நோக்கியே ஒதுங்கும். இவ்வியல்பை நன்கறிந்தே கண்ணின் அளவை வகுத்தனர். மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பிற் பாரமும் கட்டப்படும். ஒரு வடத்தின் தலையைக் கரையில் நிற்போரிடம் விட்டுத் தோணி புறப்படும். வடத்தையும் வலையையும் சிறிது சிறிதாகக் கடலில் இறக்கிக்கொண்டே வளைந்து சென்று, மற்றை வடத்தின் தலையுடன் வேறோரிடத்திற் கரையேறும். சோழமண்டலக் கரையில் இப்பணிக்கு ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பெற்ற படகுகள் பயன்பட்டன. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுத்தல் அவற்றின் சிறப்பு. பின்னர் இரு குழுவினரும் இரு வடங்களையும் பற்றிப் பின்னோக்கி நடந்து இழுப்பர். இழுக்க இழுக்க இரு குழுவும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி கரையை அணுகும்வரை பெரும்பொழுது கழியும்.

கடலின் நிறமாற்றத்தையும் நீரின் சலனத்தையும் பறவைகள் வீழும் இடத்தையும் கண்டு மீன்திரள் வரவை அறிந்து கூறுபவனை மண்டாடி என்பர். சிங்களக் கரையில் மன்னாடிராள என வழங்கும் பெயரும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. வலைக்குரியவர் சம்மாட்டி எனப்படுவர். இழுப்போர் அடியெடுத்து வைக்கும் ஒழுங்கிற்கு ஏற்பப் பாடும் பாட்டு அம்பா எனப்படும். பாட்டு நின்றால் இழுப்பும் தளரும். நெத்தலி, சூடை, சாளை, காரல், கீரி முதலிய சிறுமீன்களே பெரும்பாலும் மடியில் திரள்வன. பாரைத் திரள் அகப்படும் நாள் கரையே விழாக் கொள்ளும்.

இவ்வலைக்கு எல்லாக் கரையும் ஏற்றதன்று. கல்லும் பாரும் இல்லாத, சரிவு மென்மையாக அமைந்த மணற்கரை வேண்டும். ஒரு வலை வளைக்கப்பட்டிருக்கும்போது அவ்விடத்தே மற்றொரு வலை வளைத்தல் இயலாது. கடலோ எல்லார்க்கும் பொது. வலை ஏறும் கரையோ அளவுடையது. மீன்பிடித்தொழிலிற் பங்கும் முறையும் பற்றிய வழக்குகள் பிற வலைகளினும் கரைவலையைச் சூழ்ந்தே மிகுதியாக எழுதற்கு இதுவே காரணம் எனலாம்.

இனிச் சங்கச் சான்றை நோக்குவாம். நெய்தற் பாட்டுக்களில் மீன்வேட்டம் பலவாறு வருகின்றது. குறுந்தொகை 304ஆம் பாட்டில் வருவது கயிறு பிணித்த எறியுளியால் பெருமீனைத் தாக்கும் வேட்டம். பிறவற்றில் இரவில் விளக்கேற்றிச் செல்லும் திமில்களையும், சுறா கிழித்த வலைகளையும் காண்கின்றோம். இவை யாவும் ஆழ்கடலிற் சிலர் மேற்கொள்ளும் தொழில்கள். அகநானூற்று 30ஆம் பாட்டு ஒன்றே கரையில் நின்று பலர் கூடி வலை வாங்கும் காட்சியைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒழுங்காகக் காட்டுகின்றது என்போம். இதனைப் பாடியவர் முடங்கிக் கிடந்த நெடுஞ்சேரலாதன் என்னும் பெயரினர்.

அப்பாட்டின் பொருளை நம் சொற்களிற் கூறுவோம். நெடிய கயிறு பிணித்த, குறுகிய கண்களையுடைய வலை கடலினின்று மீன்திரளை முகந்து வருகின்றது. பரதவர் இளையரும் முதியருமாகச் சுற்றத்துடன் நெருங்கிக் கூடுகின்றனர். உப்பு வணிகரின் வண்டியைக் கடத்தற்கரிய துறையில் ஈர்த்துச் செல்லும் வலிய எருதுகளைப்போல அவர்கள் திரண்டு, மணல் செறிந்த கரை ஒலிக்க வலையை இழுக்கின்றனர். பின்னர், பெரிய களத்தில் நெல்லைத் தொகுத்த உழவரைப்போல, இரந்து வந்தோரின் வெறுங்கலங்கள் நிறைய மீனை வழங்குகின்றனர். எஞ்சியதைப் பல கூறாக வகுக்கின்றனர். விலை கூறி விற்கின்றனர். உயர்ந்த மணல்மேட்டில் உறங்குகின்றனர்.

இது கரைவலையே என்பதற்கு மூன்று குறிப்புக்கள் துணைநிற்கின்றன. நெடுங்கயிறு ஒன்று. திமிலில் இருந்து வலை வாங்குவோர்க்கு அத்துணை நீண்ட கயிறு வேண்டா. இளையரும் முதியரும் சுற்றத்தொடு கூடுதல் மற்றொன்று. திமில் ஏறுவோர் சிலரே, முதியோரும் சிறுவரும் கைகொடுக்கும் வேட்டம் கரையில் நிகழ்வதொன்றே. மூன்றாவதாகிய எருது உவமமே எல்லாவற்றினும் வலியது. துறையில் அழுந்திய வண்டியை ஈர்க்கும் எருது கால்களை மணலில் ஊன்றி, உடலைச் சாய்த்து, அடி அடியாக நகரும். வடம் பற்றி இழுப்போரின் நிலையும் அதுவே. கரையில் நின்று கண்டவர்க்கன்றி இவ்வுவமம் தோன்றாது. பாட்டில் மணற்கரை ஒலித்தது என்பதனை அம்பாப் பாட்டின் ஒலியாகக் கொள்ள விரும்புவாரும் உளராகலாம். அத்துணை தூரம் செல்ல நாம் துணியோம். ஆரவாரம் என்ற அளவில் நிறுத்துதல் நன்று.

இப்பாட்டில் வரும் ‘பாடு’ என்னும் சொல்லே நம் ஆராய்ச்சியின் மையம். அது படு என்னும் பகுதியினின்று பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடாயினாற்போலப் படு பாடாயிற்று. ஒலி, பெருமை, துயில், பக்கம், வருவாய் எனப் பல பொருள் அதற்கு உண்டு. இதே பாட்டில் முன்னரும் ஒருமுறை அச்சொல் கடலொடு சேர்ந்து வருகின்றது. அங்கு ஒலி என்றோ பெருமை என்றோ கொள்ளல் வேண்டும். ஆதலின் ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்திற்கும் ஏற்றிவிடுதல் ஆகாது. வலையிழுத்தபின் பரதவர் அமைத்த பாடு கூறு என்னும் பொருளதே. கலம் நிறைய வழங்கியதற்கும் விலை கூறியதற்கும் இடையே அது நிற்றலின் வேறு பொருள் பொருந்தாது.

இனி வழக்கை நோக்கினால், மீன் வலையில் அகப்படுதலை ‘மீன் பட்டது’ என்றே கூறுகின்றனர். பிடிபட்ட மீனின் அளவைக் குறிக்க ‘மீன்பாடு’ என்னும் சொல் தமிழகக் கரை எங்கும் வழங்குகின்றது. மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ எனச் சிறப்பிப்பதில் உள்ளது பாடுதலாகிய வேறு சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு கரைவலை வளைத்தற்குரிய கரைப்பகுதி பாடு எனப்படும். ‘இது இன்னாருடைய பாடு’ என்றால் அவ்விடத்தே வலை வளைக்கும் உரிமை அவர்க்கு உண்டு என்பது பொருள். பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்று ஓர் ஊரே உளது. பழவேற்காட்டு ஏரியிற் கரைவலை அன்று, நீரில் ஊன்றும் வலைகளே பயன்படுகின்றன. எனினும் மீன்பிடி இடங்களைத் தலைக்கட்டு உடையோர் முறைவைத்துப் பெறும் ஒழுங்கு அங்கும் பாடு என்றே பெயர் பெறுகின்றது.

அகப்பட்ட மீன், அதிற் கிடைக்கும் கூறு, வலை வளைக்கும் இடம், அவ்விடத்தை அடையும் முறை ஆகிய நான்கும் ஒரே சொல்லால் வழங்குதல் தற்செயலாகாது. படுதல் என்பது தானே வந்து வாய்த்தல். வலையில் வந்து வாய்த்தது பாடு; அதில் ஒருவனுக்கு வாய்த்தது அவன் பாடு; அவனுக்கு வாய்த்த இடமும் நாளும் அவன் பாடு. விதைத்தவன் அறுப்பான் என்று உழவிற் சொல்லலாம். கடலில் விதைத்தவர் யாருமிலர். உழைப்பால் மட்டும் பெறப்படாத ஒன்றை உழைத்தோரிடையே எவ்வாறு பகிர்வது என்னும் வினாவிற்குக் கடற்கரை மக்கள் கண்ட விடையின் பெயராக இச்சொல்லைக் கருதுகின்றோம். ‘அவனவன் பாடு’ என இன்று உள்நாட்டார் கூறுவது பிறரைக் கைவிடும் சொல்லாக ஒலிக்கின்றது. கரையில் அச்சொல் ஒருவனுக்குரியதை உறுதி செய்யும் சொல்லாகவே நின்றது.

பாட்டின் உள்ளுறைக்கு இக்கருத்து இன்றியமையாதது. பாட்டின் முடிபில், இத்தகைய துறையையுடைய தலைவனை நோக்கி, நீ ஒருநாள் எம் புன்னைக்கானலுக்கு வந்து எம் நிலை யாதென ஒரு சொல் கேட்டுச் சென்றால் உன் பெருமை கெட்டுவிடுமோ என வினவுதலைக் காண்கின்றோம். உன் துறையில் வெறுங்கலத்துடன் வந்தார்க்கும் கலம் நிறைகின்றது. உன்னையே நம்பியிருக்கும் எமக்கு ஒரு சொல்லும் இல்லையோ என்பது குறிப்பு. இரந்தோர்க்கு வழங்கியதைப் பரதவரின் வள்ளன்மை என்று மட்டும் கொண்டால், தலைவன் வள்ளல் அல்லன் என்ற அளவில் இடித்துரை நின்றுவிடும். அது கரையின் வழக்கு எனக் கொண்டால் இடித்துரை கூர்மை பெறும். தன் துறையின் வழக்கையே தலைவன் மீறினான் என்றாகும். களத்தில் நெல் தொகுத்த உழவரை உவமமாகக் கூறியதும் இதனையே வற்புறுத்துகின்றது. நெற்களத்திற் குடிமக்கட்கும் இரவலர்க்கும் அளந்து கொடுத்தல், கொடுப்போன் விரும்பினாற் செய்வது, இல்லையேல் விடுவது என்பதன்று. களம் கண்ட நாளிற் செய்தே ஆகவேண்டிய முறை அது. கரைவலை இழுக்கும் கரைகளில், வடத்தில் ஒரு கை வைத்த சிறுவர்க்கும் முதியவர்க்கும் கறிக்கு மீன் கொடுக்கும் வழக்கு அண்மைக்காலம்வரை தொடர்ந்து வந்தது. கேட்டுப் பெறுவதில் அவர்க்குக் கூச்சமில்லை. பாட்டை இவ்வாறு கரையோடு பொருத்திப் படியாமல் அகப்பொருள் ஒன்றையே நோக்கிப் படிப்போர் அதன் கூர்மையை இழக்கின்றனர்.

பாட்டிற் செயல்கள் நிற்கும் வரிசையும் கருதத்தக்கது. முதலில் இரந்தோர்க்கு ஈதல், அடுத்துக் கூறு வகுத்தல், அதன்பின் விலை கூறல். இன்றைய கரைவலையிற் கறிக்கு மீன் எடுத்தபின் மீன் முழுதும் பெரும்பாலும் கரையிலேயே ஏலத்தில் விற்கப்படும். வந்த பணத்திற் செலவு கழித்துச் சம்மாட்டிக்கும் இழுத்தோர்க்கும் பங்கு பிரிப்பர். பண்டு மீன் பகுக்கப்பட்டுப் பின் விலையாயிற்று. இன்று விலையாகிப் பின் பணம் பகுக்கப்படுகின்றது. சிறிய மாற்றம்போல் தோன்றும் இதுவே கரைவலை வரலாற்றின் பெரிய திருப்பம் என்பது நம் துணிபு. கையில் மீனைப் பெற்றவன் அதனை உண்ணலாம், உணக்கலாம், விற்கலாம். கணக்கிற் பணத்தைப் பெறுபவன் கணக்கு எழுதுவோனை நம்பியிருத்தல் வேண்டும். முற்பணம் கொடுத்து இழுப்போரைப் பருவம் முழுதும் பிணித்துக்கொள்ளும் முறைக்கு இவ்வரிசை மாற்றமே வழிவிட்டது.

சங்க காலத்திற்குப் பின் நெடுங்காலம் சான்றுகள் மெலிந்தே கிடைக்கின்றன. அவற்றை விரித்தற்கு இக்கட்டுரை இடந்தராது. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்சு ஹார்னெல், 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை ஆராய்ந்து எழுதியபோது கரையிலிருந்து இழுக்கும் பெருவலைகளையும் விளக்கினார். நூலிழைக்குப் பதிலாக நைலான் வருமுன் பருத்தியும் சணலும் வலைக்குப் பயன்பட்டன. அவை கடல்நீரில் இற்றுப்போகாதவாறு பனிச்சங்காய்ச் சாறு முதலியவற்றில் தோய்த்தனர். வடமோ தென்னந்தும்பாற் திரித்தது.

முறைவைத்தல் பற்றி விரிவான ஆராய்ச்சி ஈழத்துத் தென்கரையிலேயே நிகழ்ந்தது. மாவெல்ல என்னும் சிங்கள மீனவர் ஊரை ஆராய்ந்த பால் அலெக்சாந்தர் தம் நூலை 1982இல் வெளியிட்டார். அங்கு ஒவ்வொரு வலைக்கும் முறை உண்டு. நல்ல இடமும் நல்ல பொழுதும் எல்லா வலைக்கும் சுழன்று வரும். ஆண்டு வருவாயிற் பெரும்பகுதி சில நாட்பாடுகளிலேயே வந்துவிடும் தொழிலில், அந்நாள் யார் முறையில் வாய்க்கும் என்பதை முன்னறிய இயலாமையே நடுநிலையாயிற்று. ஆயின் மீனுக்கு விலை ஏற ஏற, புதிய வலைகள் பெருகின. கரையோ நீளவில்லை. ஒவ்வொரு வலைக்கும் வாய்த்த முறை அருகிற்று. வலையின் மொத்த எண்ணிக்கையைத் தடுக்க ஊராலும் இயலவில்லை, அரசின் விதியும் உதவவில்லை. பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009இற் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆசுத்திரம், 1990இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வூரைத் தோல்வியுற்ற ஒழுங்குகளின் வரிசையிற் சேர்த்தார். அம்முடிபை நாம் முழுதும் ஏற்கவில்லை. ஊரார் வகுத்த முறை சிதையவில்லை. முறையினுள் எத்துணை வலை புகலாம் என்பதை வரையறுக்கும் ஆற்றலே ஊரார் கையைவிட்டு நீங்கிற்று. இரண்டும் ஒன்றல்ல.

ஈழத்தில் 1984ஆம் ஆண்டுக் கரைவலை விதிகள் வலை வளைக்கும் இடங்களையும் உரிமத்தையும் அரசின் ஏட்டிற்குக் கொணர்ந்தன. தமிழகத்திற் கரைவலைக்கு நேர்ந்த இடர் வேறு. 1960கள் தொட்டு இழுவைப் படகுகள் பெருகிக் கரையோரக் கடலையே துழாவின. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் கரையினின்று 3 கடல்மைல்வரை விசைப்படகுகளை விலக்கியது. அவ்வெல்லை கடலிற் பலகால் மீறப்பட்டதைக் கரையினர் அறிவர். மடியிற் சேர வேண்டிய மீன் கரையை அடையுமுன்னரே அகப்பட்டது.

முல்லைத்தீவு, வடமராட்சிக் கிழக்கு முதலிய கரைகளில் 2004 திசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை தோணியையும் வலையையும் மட்டுமன்றி இழுப்போரையும் கொண்டு சென்றது. போர்க்காலத்தில் அக்கடல் நெடுநாள் தடையுற்றிருந்தது. 2009இற் போர் முடிந்தபின் மீண்ட கரைவலைகளிற் பலவற்றில் வடத்தை இழுத்தது மனிதக்கை அன்று. உழவு இயந்திரத்திற் பொருத்திய உருளையே. மணலிற் சக்கரம் ஊன்றி நிற்கும் அவ்வியந்திரம், நாற்பது பேர் இழுத்ததை நாலைந்து பேர் துணையுடன் இழுத்துவிடுகின்றது. கடலடி சிதையும், விரைவு மிகும் என்று ஒரு சாரார் அதனைத் தடுக்க வேண்டினர். ஆள் கிடைப்பதில்லை என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். அதிகாரிகளிடமும் வழக்கு மன்றங்களிலும் எழுந்த பேச்செல்லாம் இயந்திரம் தகுமா என்பதைப் பற்றியதாகவே இருந்தது. வடத்தில் ஒரு கை வைத்துக் கறிக்கு மீன் பெற்ற முதியோர்க்கும் சிறுவர்க்கும் இனி எந்தப் பாட்டிற் பங்கு என்னும் வினா அவ்வழக்குகளில் எழுந்ததாக நாம் அறியவில்லை. வடம் இயந்திரத்தில் சுற்றப்படும் கரைகளில் அம்பாப் பாட்டும் கேட்பதில்லை.